அத்தையின் பேச்சுப் பரீட்சை

அப்பாவின் தங்கை, என் அத்தை, மெட்ராஸில் பிரெஞ்சு படித்துவிட்டு ஆரணிக்குத் திரும்பியபோது எனக்கு எட்டு வயது. எழுதச் சொன்னால் அந்த மொழியில் பக்கம் பக்கமாக எழுதுவார். பிரெஞ்சு டிப்ளமோ பரீட்சையின் எழுத்துத் தாள்களை எல்லாம் தாண்டிவிட்டார். மிஞ்சியது பேச்சுப் பரீட்சை. முதல் தடவை போனபோது வாயே திறக்கவில்லையாம். பரீட்சை வைத்தவர்கள் இவருக்குக் காது கேட்காதோ என்று சந்தேகப்பட்டார்களாம். இந்தத் தடவையும் தவறினால் போளூரிலிருந்து வந்திருக்கும் வரனுக்குச் சரி சொல்லிவிடுவதாக அப்பா அறிவித்திருந்தார்.

பட்டுப்புடவை எடுக்க எந்தெந்த ஊர்க்காரர்களோ வருகிற ஆரணியில், பிரெஞ்சு பேச ஒருவர்கூடக் கிடையாது. மாதா கோயில் ஃபாதரைக் கேட்டுப் பார்த்தார். அவருக்கு லத்தீனும் மலையாளமும்தான் தெரியும். கடைசியில் அத்தையின் கண் என்மேல் விழுந்தது.

எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரே ஒரு வார்த்தை: 'புர்குவா'. 'ஏன்' என்று அர்த்தம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கிணற்றடியில் அண்டாவைக் கவிழ்த்து, மடியில் அலாரக் கடிகாரத்தோடு நான் உட்கார வேண்டும். அத்தை துணி துவைத்துக்கொண்டே இருபது நிமிஷம் பிரெஞ்சில் பேசுவார். எங்கே நிறுத்துகிறாரோ அங்கே நான் "புர்குவா?" என்று கேட்டால், மறுபடி ஆரம்பித்தாக வேண்டும். பக்கத்து வீட்டில் தறி ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்துக்கு மேலே பேசினால்தான் என் காதில் விழும் என்பதால், பத்தே நாளில் அத்தையின் குரல் தெருமுனைவரை போயிற்று.

தறிக்கார வீட்டு அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "இன்னா பாப்பா, உங்க அத்தை யாரை இப்பிடித் திட்டிகினு இருக்காங்க?" என்று கவலையோடு விசாரித்தார்.

எனக்கோ அந்த வேலை ரொம்பப் பிடித்துவிட்டது. பெரியவர்களிடம் தமிழில் ஏன் என்று கேட்டால் அது எதிர்த்துப் பேசுவதாகிவிடும். பிரெஞ்சில் கேட்டதற்கு வேர்க்கடலை உருண்டை கிடைத்தது.

பரீட்சைக்கு என்னையும் அழைத்துப் போக வேண்டும் என்று அத்தை பிடிவாதம் பிடித்தார். "பரிச்சை உனக்கா, அவளுக்கா?" என்று முணுமுணுத்தாலும் அப்பா லீவு போட்டார். மூவருமாக முதல் பஸ்ஸில் மெட்ராஸுக்குக் கிளம்பினோம்.

அத்தையைப் பரீட்சை அறைக்குள் கூப்பிட்டுக்கொண்டார்கள். அப்பாவும் நானும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். பாதிக் கதவுதான் இருந்தது; உள்ளே பேசுவதெல்லாம் கேட்டது. அத்தை கிணற்றடியில் பேசுவதைப் போலவே வெளுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். யாரோ ஒரு கேள்வி கேட்டார்கள். சட்டென்று அத்தையின் குரல் நின்றது.

மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. நான் காத்திருந்தேன். என் வேலை எனக்குத் தெரியும்.

"புர்குவா?" என்று கத்தினேன்.

அப்பா பாய்ந்து என் வாயைப் பொத்தினார். உள்ளே நாற்காலி நகர்ந்தது. மூக்குக்கண்ணாடி போட்ட வெள்ளைக்கார அம்மாள் ஒருவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, என்னைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னார். எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். அப்பாவின் கையை விலக்கிவிட்டு மறுபடியும் "புர்குவா?" என்றேன். அந்த அம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் உள்ளே போனதும் அத்தையின் குரல் கிளம்பியது. முன்னைவிட வேகமாக, மூச்சுவிடாமல்.

"ஒரு வருஷப் படிப்பை ஒத்தை வார்த்தையில கெடுத்துட்டியேடி," என்று அப்பா தலையில் கைவைத்துக்கொண்டார். நான் அழ ஆரம்பித்தேன். ஆனால் வியர்த்து விறுவிறுத்து வெளியே வந்த அத்தை என்னைத் திட்டவில்லை. ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார்.

பஸ்ஸில் அப்பா, "கடைசியா இன்னாதான் கேட்டாங்க?" என்றார்.

"நம்ம ஊரைப் பத்திண்ணா," என்று சொல்லிவிட்டு அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பாஸ் என்று தபால் வந்தது. அதற்குப் பின்னாலேயே இன்னொரு தபால்: பிரான்ஸில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. பரீட்சைக்கு முன்பே அத்தை விண்ணப்பம் போட்டிருந்தது வீட்டில் யாருக்கும் தெரியாது. இரண்டு வாரம் வீடு அமர்க்களப்பட்டது. பிறகு அப்பாவே போளூருக்குப் போய் வரனை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, திரும்பும்போது ஒரு கம்பளிச் சட்டையும் வாங்கி வந்தார்.

அன்றைக்குக் கேட்ட கேள்வியை அத்தை எனக்குச் சொன்னது, நான் கல்லூரிக்குப் போன பிறகுதான். 'பாஸானால் என்ன செய்யப் போகிறீர்கள்?' அவ்வளவுதான். பதில் அவரிடம் தயாராக இருந்தது. அதற்கான பிரெஞ்சும் இருந்தது. கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த அண்ணனுக்கு அதில் ஒரு சொல்லும் புரியாது என்பதும் தெரியும். இருந்தும் நாக்கு எழவில்லையாம்.

நான் என்னவோ, அத்தைக்கு ஏதோ வார்த்தை மறந்துபோய்விட்டது என்றுதான் நினைத்தேன்.