கதவு பூட்டாத தெரு

“எங்கள் தெருவில் யாரும் கதவைப் பூட்டியதே இல்லை.” இப்படி எழுதியவன் நான்தான். பழைய தெருக்காரர்கள் சேர்ந்து ஆரம்பித்த வாட்ஸப் குழுவில், ஒரு சனிக்கிழமை காலை, டீ ஆறுவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்து எழுதினேன். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புவோம், எங்கே போனாய் என்று ஒருத்தரும் கேட்டதில்லை, குழாயில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்தோம், முட்டி பெயர்ந்தால் மண்ணை அப்பிக்கொண்டு ஓடினோம், இப்போதைய பிள்ளைகளுக்கு இந்தச் சுதந்திரம் எங்கே தெரியப்போகிறது என்றெல்லாம் அளந்துவிட்டிருந்தேன். நாற்பத்தோரு பேர் இதயம் போட்டார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

எங்கள் வீட்டுக் கதவு தினமும் பூட்டப்பட்டது என்பது எழுதும்போது எனக்கு நினைவில் இல்லையா? இருந்தது. ஐம்பத்தாறு வயதாகிறது, எதை எழுதலாம், எதை முழுங்கலாம் என்று தெரியாதா எனக்கு.

பூட்டுக்கு உள்ளே இருந்தவள் அக்கா. அவளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன், என்னைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். எப்போதும் இப்படித்தான்.

அப்பா லாரியில் வேலைக்குப் போனவர், மாதத்தில் இரண்டு நாள் வீட்டுக்கு வருவார், அந்த இரண்டு நாளும் தூங்குவார். அம்மாவுக்கு பிஸ்கட் கம்பெனியில் பாக்கெட் ஒட்டுகிற வேலை. ஆறரைக்குக் கிளம்பினால் மாலை ஐந்தரைக்கு வருவாள். கடைசித் தம்பி குட்டி, நடக்க ஆரம்பித்த புதிதில், திறந்த கதவு வழியாகச் சாலைக்கே போய்விட்டான். ஒரு வேன்காரர் பிரேக் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார். அன்றிலிருந்து அம்மா வெளியே பூட்டுப் போட ஆரம்பித்தாள். உள்ளே அக்காவும் குட்டியும். வெளியே நான். ஆம்பளைப் பையனைப் பூட்டி வைக்க முடியுமா? சாவி எதிர்வீட்டுத் தையல்காரம்மாவிடம் இருக்கும். அவசரம் என்றால் அவர் திறந்துவிடுவார்.

அக்கா அந்த அறையிலேயே சமைத்தாள், துவைத்தாள், குட்டிக்குக் கால் கழுவிவிட்டாள், மடியில் அவனைப் போட்டுக்கொண்டு படித்துப் பள்ளியிறுதித் தேர்வையும் எழுதி முடித்தாள். தையல்காரம்மா குட்டியைப் பார்த்துக்கொண்டால்தான் வகுப்பு; போன நாள் பாதி, போகாத நாள் பாதி. நானும் என் கூட்டாளிகளும் சன்னல் பக்கம் போனால் கம்பி வழியாகத் தண்ணீர் தருவாள், என் காயத்துக்குத் துணி கட்டிவிடுவாள். “உங்க அக்காவை ஜூவுல வெச்சிருக்காங்களாடா?” என்று கேட்டு ஒருவன் கடலையைச் சன்னலுக்குள் வீசினான். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

அவளுக்கு நர்ஸ் ஆக வேண்டும். பயிற்சிப் பள்ளிக்கு நுழைவுத் தேர்வு வந்தது. வருடத்துக்கு ஒரு தடவை, காலை பத்து மணிக்கு, ஒன்பது மணி பஸ்ஸைப் பிடித்தால் சரியாக இருக்கும். அம்மாவுக்கும் சம்மதம்தான். சம்மதம் என்ன, முந்தின நாள் அவளே ஹால் டிக்கெட்டை பிஸ்கட் கம்பெனிப் பளபளப்புத் தாளில் சுற்றி வைத்தாள், கசங்கக்கூடாது என்று. “நாளைக்கு ஒரு நாள் நீ குட்டியைப் பாத்துக்கடா” என்று என்னிடம் சொன்னாள்.  எனக்குப் பன்னிரண்டு வயது, மறுநாள் செங்கல் சூளைக் குட்டையில் டியூபை இறக்கப்போகிறோம்.

டியூப் என்பது பொருளும்தான், ஆளும்தான். மெக்கானிக் மகன் ஒருவன் லாரி டயரின் உள் டியூபை அவன் அப்பாவுக்குத் தெரியாமல் கிளப்பிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தான். அந்தப் பெயர் அவனுக்கு அப்படியே ஒட்டிக்கொண்டது.

மறுநாள் காலை நான் பால் வாங்கப் போயிருந்தேன். அந்த நேரத்தில் அம்மா கிளம்பியிருக்கிறாள். மூன்று வருடமாகப் பூட்டிப் பூட்டிப் பழகிய கை. கதவைச் சாத்தியதும் பூட்டை மாட்டி அமுக்கிவிட்டது. தையல்காரம்மா ஊருக்குப் போயிருந்ததால் சாவியை இடுப்புச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அவ்வளவுதான் நடந்தது. கைப்பழக்கம்.

நான் திரும்பி வந்தபோது அக்கா குளித்து, இரட்டைப் பின்னல் போட்டு, சன்னலில் நின்றுகொண்டிருந்தாள். மணி ஏழேகால்.

“அம்மா மறந்து பூட்டிட்டுப் போயிருச்சுடா. பாலை இப்படிக் குடு. ஓடு, அம்மாகிட்ட சாவி வாங்கிட்டு வா. நான் இங்கேயே நிக்கிறேன்.”

கம்பெனிக்கு ஓடினால் பத்து நிமிஷம். கேட் வாட்ச்மேனிடம் சொன்னால் அம்மாவைக் கூப்பிட்டுவிடுவார். எட்டு மணிக்குள் கதவு திறந்திருக்கும்.

சூளை வழியாகப் போனேன். அதுதான் குறுக்கு வழி என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். கொஞ்சம் சுற்றுவழி அது. குட்டையில் மழைத் தண்ணீர் நிறைந்து கிடந்தது. நடுவில் கறுப்பாக, பெரிதாக, டியூப் மிதந்தது. ஒரே ஒரு தடவை ஏறிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று சட்டையைக் கழற்றினேன்.

மறந்துவிட்டேன் என்று சொன்னால் நம்புவீர்களா? நானே நம்பமாட்டேன். ஒவ்வொரு முறை தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கும்போதும் எனக்கு ஞாபகம் வந்தது. அவள் பரீட்சைக்குப் போனால் இன்றைக்கு நான் வீட்டில் அடைந்து கிடக்க வேண்டும். பாஸாகி ஹாஸ்டலுக்குப் போனால் தினமும் அடைந்து கிடக்க வேண்டும். மறுபடி முங்கினேன். சொல்ல நாக்கூசுகிறது, என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமான காலைநேரம் இன்னொன்று வரவில்லை. கல்யாணத்தன்றுகூட இல்லை.

பதினோரு மணி சங்கு ஊதியதும்தான் குளிர் எடுத்தது. இனி அடி விழும் என்று புரிந்தது. கம்பெனிக்கு ஓடினேன். அம்மா சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக்கு வந்தாள்.

“பூட்டிட்டு வந்துட்டேனா? அடிப்பாவி, என் கையை வெட்டிப் போட! பரீட்சை போச்சா?” தலையில் அடித்துக்கொண்டாள்.

“அழாதம்மா. நீ பூட்டினதே நல்லதாப் போச்சுன்னு அக்கா சொல்லுச்சு. அதுக்குப் பயமாயிருச்சாம். போகப் பிடிக்கலையாம். அதைப் பத்தி யாரும் கேக்கக்கூடாதாம், கேட்டா அழுவேன்னு சொல்லுச்சு.”

வாய் கூசாமல் வந்தது. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். சாவியைக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தேன். அக்கா சன்னலிலேயேதான் நின்றாள். குட்டி அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். தெருவில் யாரையாவது கூப்பிட்டுப் பூட்டை உடைத்திருக்கலாம். தம்பி போயிருக்கிறான், இதோ வந்துவிடுவான் என்று ஒன்பது வரை நின்றிருக்கிறாள். ஒன்பதுக்கு மேல் உடைத்து என்ன ஆகப்போகிறது?

“அம்மா குடுக்க மாட்டேன்னுடுச்சுக்கா. வேணும்னேதான் பூட்டுச்சாம். நீ போயிட்டா குட்டியை யாரு பாக்குறதுன்னு கேட்டுச்சு. பரீட்சை நேரம் முடிஞ்சப்புறம்தான் சாவியைக் குடுத்துச்சு.”

அக்கா பின்னலை அவிழ்த்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். என் ஈரத் தலையைப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். அவள் பார்க்கவில்லை.

இந்த இரண்டு பொய்யும் அப்படிப் பொருந்திப்போயின. பெண் மனசு நோகக்கூடாது என்று அம்மா பரீட்சைப் பேச்சை எடுக்கவே இல்லை. எடுக்காததால் அக்காவுக்கு அது உறுதியாகிவிட்டது. அடுத்த வருடம் அவள் விண்ணப்பம் வாங்கவில்லை. ஆசைப்பட்ட இடத்திலாவது இருக்கட்டும் என்று அம்மா யார் யார் காலிலோ விழுந்து ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தாள். அக்கா அதைக் குத்தல் என்று எடுத்துக்கொண்டாள். முப்பத்தைந்து வருடம், நர்ஸ்களின் வெள்ளை உடுப்புகளுக்கு இஸ்திரி போட்டாள். வலது மணிக்கட்டில் சூட்டுத் தழும்பு ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். அம்மா பார்த்த மாப்பிள்ளை என்பதற்காகவே இரண்டு பேரை வேண்டாம் என்றாள். ஒரே வீட்டில் இரண்டு பேரும் “தண்ணி வந்துருச்சு”, “சோறு இருக்கு” என்பதற்கு மேல் பேசிக்கொண்டதில்லை.

கடைசியில் அம்மாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. இரண்டு வருடம் கட்டில். குட்டி தூரதேசத்திலிருந்து போன் பண்ணுவான், நான் ஞாயிற்றுக்கிழமை பழம் வாங்கிக்கொண்டு போவேன். அக்காதான் எல்லாம். புண் வராமல் புரட்டிப் போடுவாள், குளிப்பாட்டுவாள், ஊட்டுவாள். எந்த நர்ஸும் அப்படிச் செய்திருக்கமாட்டாள். ஆனால் ஒரு வார்த்தை கிடையாது. இருந்த கொஞ்சநஞ்சப் பேச்சையும் நிறுத்திவிட்டாள்.

“என்மேல அவளுக்கு என்னடா கோவம்?” என்று அம்மா கோணிய வாயால் என்னைக் கேட்டாள். “ஒரு வார்த்தை பேசச் சொல்லேன்.”

“அவ குணமே அப்படிம்மா. நீ எதுக்கு மனசப் போட்டு உழப்பிக்கிற?” என்று ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். ஒரு வாக்கியம் போதும். அப்போதே சொல்லியிருக்கலாம். அக்கா என்னைக் காறித் துப்புவாளே என்று பயம். மூன்று வருடத்துக்கு முன்னால் அம்மா போய்விட்டாள்.

இப்போது, வாட்ஸப்பில் எழுதியதற்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். என் கட்டுரையைப் படித்து நெகிழ்ந்துபோய், பழைய தெருவைப் பார்க்க வேண்டும் என்று நாலைந்து பேர் கிளம்பிவிட்டார்கள். அந்தத் தெருவிலேயே இன்னும் இருப்பது அக்கா மட்டும்தான். எல்லோரையும் அங்கே அழைத்துப் போனேன். வழுக்கையும் தொந்தியுமாகச் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்தார்கள். அக்கா டீ போட்டுக் கொண்டுவந்தாள்.

“அக்கா, உங்க தம்பி எழுதினதைக் கேளுங்க” என்று அந்த மெக்கானிக் மகன் டியூப், போனை எடுத்து உரக்கப் படித்தான். முதல் வரியிலேயே விழுந்து விழுந்து சிரித்தான். “டேய் புளுகுமூட்டை! யாரும் கதவைப் பூட்டினதில்லையா? உங்க வீட்டுலதான் திண்டுக்கல் பூட்டு இவ்ளோ பெருசாத் தொங்குமேடா!”

“விடுடா, அதெல்லாம் எதுக்கு” என்றேன்.

அவன் விடுவானா? “அக்கா, இந்தக் கூத்தைக் கேளுங்க. நான் டியூப் கொண்டாந்த அன்னிக்கு, இவன் மூச்சிரைக்க ஓடியாரான். ‘அக்காவுக்குப் பரீட்சை, அம்மாகிட்ட சாவி வாங்கணும், நேரமில்லடா’ன்னு சொல்றான், சொல்லிக்கிட்டே சட்டையைக் கழட்டுறான்! பதினோரு மணிச் சங்கு ஊதுற வரைக்கும் கரையேறலையே இந்தப் பய. என்னா காலம்க்கா அது!”

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் லேசாகச் சிரித்தாள், விருந்தாளிகள் சிரிக்கும்போது சிரிப்பது போல. டம்ளர்களைத் தட்டில் அடுக்கினாள். அவர்கள் கிளம்பும்வரை அவள் என் பக்கம் திரும்பவில்லை. வாசல் வரை போய் வழியனுப்பினாள்.

திரும்பி வந்து கேட்டாள்.

“பதினோரு மணி வரைக்கும் நீ அம்மாகிட்ட போகவே இல்லையா?”

“இல்லக்கா.”

“வேணும்னே பூட்டினேன்னு அம்மா சொல்லுச்சா?”

“இல்லக்கா. மறந்துதான் பூட்டிருச்சு. அழுதுச்சு. நீதான் பயந்துக்கிட்டுப் போகலைன்னு நான் சொல்லிட்டேன்.”

அம்மாவின் கட்டில் கிடந்த இடத்தைப் பார்த்தாள். அங்கே இப்போது ஒரு அரிசி டின் இருக்கிறது.

“கடைசி வாரம் என் கையைப் புடிச்சுச்சுடா. விடவே இல்ல. நான் ஒவ்வொரு விரலாப் பிரிச்சு எடுத்துவிட்டேன்.”

“அக்கா, எனக்குப் பன்னெண்டு வயசு அப்ப...”

“அது செத்தப்ப உனக்கு அம்பத்தி மூணு.”

என் தோளைப் பிடித்தாள். இஸ்திரிப் பெட்டி பிடித்த கை, இன்னும் பலமாகத்தான் இருக்கிறது. தள்ளவில்லை, நடத்திக்கொண்டு போய் வாசலுக்கு வெளியே விட்டாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. நான் தெருவில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் சன்னலுக்கு வந்தாள். கூப்பிடுகிறாள் என்று நினைத்து, மானங்கெட்டவன், கிட்டே போனேன்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “ஓடு. அம்மாகிட்ட போய்ச் சொல்லிட்டு வா. நான் இங்கேயே நிக்கிறேன்.”