புரோட்டா வாங்கி வந்த பவுனக்கா

பவுனக்கா, ஊரே உங்களை இந்தப் பெயரில்தான் கூப்பிட்டது. நீங்கள் போன செய்தியும் இந்தப் பெயரில்தான் வந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நின்றேன். திருச்சுழி பஸ்ஸிலிருந்து இறங்கிய எங்கள் ஊர் கண்டக்டர் நேராக என்னிடம் வந்தார். "பவுனக்கா தவறிட்டாக. நெஞ்சு வலியாம். இந்தப் பஸ்ஸுலயே ஏறுங்க" என்றார்.

பவுனுத்தாய் என்கிற பவுனக்கா என் கணவருடைய அண்ணன் மனைவி. நான் ஐந்தாவது வரை படித்தவள். அவர் பள்ளிக்கூடமே போகாதவர். என் தாடை இன்றைக்கு என் முகத்தில் இருப்பதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அவரைத் தெரியாதவர்களும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றே எழுதுகிறேன்.

எண்பத்தெட்டாம் வருசம் எனக்குக் கன்னத்துக்குள் புற்று வந்தது. புகையிலை போட்ட வாய். மதுரை ஆஸ்பத்திரியில் கெட்ட பற்களைப் பிடுங்கி, ஆறியபின் கரண்டு வைத்தார்கள். கதிர்வீச்சு வைத்தியத்துக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். கரண்டு புற்றோடு தாடை எலும்பையும் வாட்டும், எலும்பு செத்துவிட்டால் லேசில் ஆறாது என்று டாக்டர் அக்காவிடம் சொன்னார். உடம்பு தன்னைத் தேற்றிக்கொள்ள புரோட்டீன் நிறையக் கொடுங்கள் என்றும் சொன்னார். பக்கத்துக் கட்டில் பெண்ணுக்குத் தாடை எலும்பு வெளியே தெரிந்தது. அதைப் பார்த்தபிறகு அக்கா உட்காரவில்லை.

அன்று சாயங்காலமே நாலு புரோட்டாவோடு வந்தார். பிய்த்துப் போட்டு, சால்னாவில் ஊறவைத்து, கூழாக மசித்து ஊட்டினார். காரம் புண்ணில் பட்டு நான் துடித்தேன். "டாக்டரு சொல்லியிருக்காரு, முழுங்கு" என்றார். யார் புரோட்டா கொடுக்கச் சொன்னது என்று நர்ஸம்மா கேட்டபோதுதான், புரோட்டீன் அக்கா காதில் புரோட்டாவாக விழுந்த விஷயம் வெளியே வந்தது. வார்டே சிரித்தது. அக்கா முகம் சுண்டவில்லை. "சரி, அந்த இன்னொண்ணு எதுல இருக்கு, அதச் சொல்லுங்க" என்று நர்ஸம்மாவை விடாமல் பிடித்துக்கொண்டார். முட்டை, பயறு, பருப்பு, மீன், பால். விரல் மடக்கி மனப்பாடம் செய்தார்.

ஊருக்கு வந்ததும் மாமியார் மறித்தார். புண்ணுக்கு முட்டை ஆகாது, சீழ் வைக்கும், கஞ்சித் தண்ணிதான் பத்தியம் என்றார். அக்கா அவரை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"கஞ்சித் தண்ணியக் குடிச்சு இவ எலும்பு போச்சுன்னா, நீங்களா அத்தை தாடை குடுப்பீக?"

அந்த வருசம் எங்கள் வீட்டில் ஒரு கோழியைக்கூட அடைவைக்கவில்லை. இட்ட முட்டையெல்லாம் எனக்கே வந்தது. பாசிப்பயறை வேகவைத்துத் துணியில் வடிகட்டுவார். கண்மாயில் மீன் பிடித்தால் முதல் ஆளாகப் போய் நிற்பார். முள் பார்த்துப் பார்த்து எடுப்பார்.

ஒரு வருசம் கழித்து டாக்டர் தாடையை அமுக்கிப் பார்த்து, எலும்பு நன்றாக இருக்கிறது என்றார். சாப்பாடு மட்டுமே காரணமில்லை, பல்லை முன்னாலேயே எடுத்ததும் புகையிலையை விட்டதும் உண்டு, ஆனால் நல்ல சாப்பாடும் துணை நின்றிருக்கிறது என்றார். யார் பார்த்துக்கொண்டது என்று கேட்டார். கதவோரம் நின்ற அக்கா, "புரோட்டா வாங்குனவதான், சார்" என்றார்.

பிறகு பாலவனத்தம் வரைக்குமுள்ள ஊர்களிலிருந்து, கரண்டு வைக்கப் போகிறவர்கள் அக்காவைத் தேடி வந்தார்கள். விரல் மடக்கிச் சொல்வார். டாக்டரிடம் நல்லாக் கேட்டுக்கிட்டுச் செய்யுங்க என்று புரோட்டா கதையையும் சேர்த்துச் சொல்வார். தன் தவற்றைத் தானே ஊருக்குச் சொல்லிச் சிரிக்கத் தைரியம் வேண்டும். அப்படிப்பட்டவருக்கு ஓரகத்தியாக வாழ்ந்தது எனக்குப் பெருமை.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் ஒருவர் தன் மனைவியைக் கூட்டிவந்தார். அக்கா இல்லை என்பது அவருக்குத் தெரியாது. கரண்டு பாதி முடிந்திருக்கிறது. அந்தப் பெண் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். பயற்றை மசித்து நீட்டினேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நானும் ஒருநாள் அப்படித் திரும்பிக்கொண்டவள்தான். அக்கா குனிந்து என் காதில் ஏதோ சொன்னார், வாயைத் திறந்தேன். காய்ச்சலில் கிடந்ததால் அந்த வார்த்தை எனக்கு நினைவில்லை.

நல்லபடியாகப் போய் வாருங்கள், அக்கா. அந்தப் பெண் நாளைக்கும் வருகிறாள். அன்றைக்கு என் காதில் என்ன சொன்னீர்கள்?