சாரலில் எடுத்த சாட்சி

பெர்சிஸின் வேலைக்குத் தென்காசியில் சரியான பெயர் கிடையாது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு மாணவர் சேர்த்துவிடும் அலுவலகம் ஒன்றில் ரீல்ஸ் எடுக்கிறாள். ஞாயிறு ஆராதனை முடிந்து சபையில் யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர் வேலை" என்று அவள் அம்மா சொல்லி முடித்துக்கொள்வாள்.

போன மாணவர்கள் அங்கிருந்து வீடியோ அனுப்புவதில்லை என்பது முதலாளியின் குறை. அதனால் புறப்படும் முன்பே எடுத்து வைப்பது வழக்கமாயிற்று. ஜூலையில் குற்றாலத்தில் சாரல் விழும். ஐந்தருவிக்குப் போகும் வழியில் மரங்களை மூடிக்கொண்டு பனிமூட்டம் இறங்கும். பயணத்துக்கு வாங்கிய தடித்த ஜாக்கெட்டோடு ஒருவனை அங்கே நிறுத்தினால் எந்த நாடு என்று யாரும் கேட்க மாட்டார்கள். இதைக் கண்டுபிடித்தவள் பெர்சிஸ்தான். அலுவலகத்தின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் அந்த வீடியோக்கள் இருக்கும் பகுதிக்கு, ஆண்டவர் செய்த நன்மையைச் சபையில் எழுந்து சொல்வதுபோல, 'சாட்சி' என்று பெயர் வைத்தவளும் அவளே.

சென்ற ஆண்டு இசக்கிமணி என்ற மாணவனை அப்படி நிறுத்தினாள்.

"வந்து மூணு மாசம் ஆச்சுன்னு சொல்லு."

"இன்னும் விசாவே வரலியேக்கா."

"ஏலே, போனதும் இதைத்தான சொல்லப்போற, இப்பவே சொல்லிரு. ஐயோ, பின்னால குரங்கு வருது! அது வீடியோக்குள்ள வந்துச்சுன்னா நம்ம குட்டு உடைஞ்சிரும்."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள்.

நவம்பரில் அவனிடமிருந்து செய்தி வந்தது. வகுப்பு வாரத்தில் ஒரு நாள்தான். சொன்ன விடுதி இல்லை. கிடங்கில் பெட்டி தூக்குகிறான். "அந்த வீடியோவ எடுத்துருங்கக்கா." பெர்சிஸ் முதலாளியிடம் கேட்டாள். "எல்லாருக்குமா அப்படி ஆகுது?" என்றார் அவர். அவள் மறுபடி கேட்கவில்லை. இசக்கிமணிக்குப் பதிலும் எழுதவில்லை. தவறு முதலாளியுடையது என்று சில நாள் நினைத்துக்கொள்ள முடிந்தது. வீடியோ எடுக்க அந்த இடத்தைத் தேடிப் பிடித்தது யார் என்ற கேள்வி வந்ததும் அதுவும் முடியவில்லை.

இந்த ஜூலையில் வடகரையிலிருந்து சண்முகநாதன் மகளோடு அலுவலகத்துக்கு வந்தார். தென்னந்தோப்பு வைத்திருப்பவர். மகள் சங்கரேஸ்வரிக்குத் திருநெல்வேலி அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. சேர மறுநாள்தான் கடைசி. அதை விட்டுவிட்டு இங்கே கையெழுத்துப் போட வந்திருந்தார்கள்.

"இந்தப் பய பேசுததப் பாத்துதாம்மா மனசு வந்துச்சு." போனை நீட்டினார். அதில் இசக்கிமணி சிரித்துக்கொண்டிருந்தான். "மூஞ்சில ஒரு கவலை இருக்கா பாரு."

"மரம் மட்டும் நம்ம ஊர் மரம் மாரி இருக்குன்னு அப்பா சொல்லுதாவக்கா."

"ஏட்டி, மரத்துக்கு எங்கன ஊரு?" அவரே சிரித்தார்.

கையெழுத்துக்கு நீட்டியிருந்த படிவத்தைப் பெர்சிஸ் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அது நம்ம ஊர் மரம்தான் அண்ணாச்சி. ஐந்தருவி ரோடு. நாந்தான் எடுத்தேன். அவன் அப்ப பிளேனே ஏறல."

சண்முகநாதன் போனை ஒருமுறை பார்த்தார்.

"இப்ப எப்படி இருக்கான்?"

"நல்லா இல்ல. படிப்பும் சரியில்ல. அழிக்கச் சொல்லி எட்டு மாசம் ஆச்சு. நான் அழிக்கல."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மகளின் சான்றிதழ்களை எண்ணிப் பார்த்துப் பையில் வைத்தார். "எந்திரிட்டி. காலைல திருநெல்வேலிக்கு மொத பஸ்ஸப் பிடிக்கணும்." வாசலில் நின்று கேட்டார்: "இதப் பாத்து எத்தன பிள்ளைய போயிருக்கு?"

பெர்சிஸுக்குத் தெரியாது. அவள் எண்ணியதில்லை.

மாடிப்படியில் நின்று இசக்கிமணியை அழைத்தாள். "இப்ப அழிச்சிருதேன்" என்றாள்.

"அழிச்சிருங்கக்கா. ஆனா எங்கம்மா போனுக்கு அத ஒண்ணு அனுப்பிருங்க. நான் வீடியோ கால் போடுததில்ல. உங்க இன்ஸ்டா பக்கத்துல போயி அதைத்தான் தினம் பாக்காவ. இங்கன எடுத்ததுன்னு நெனைச்சிருக்காவ."

பெர்சிஸ் அனுப்பினாள். பிறகு அலுவலகப் பக்கத்திலிருந்து அழித்தாள். சற்று நேரத்தில் அந்த அம்மாவின் குரல் பதிவு வந்தது.

"எம்மா, அங்க ரொம்பக் குளிரோ? பிள்ளைக்கு மூக்கெல்லாம் செவந்திருக்கே."

வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. பெர்சிஸ் அதே பதிவை இன்னொரு முறை போட்டுக் கேட்டாள்.