சிரிப்பு வாங்காமல் போனவன்

லுவாங்வா ஆற்றோரம் விருந்தாளிகளைக் காட்டுக்குள் நடத்திப் போகும்போது வரிசைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முன்னால் துப்பாக்கிக் காவலர், அடுத்து வழிகாட்டி அமோஸ், பிறகு விருந்தாளிகள். எல்லாருக்கும் கடைசியில், தேநீர்க் கூடையைச் சுமந்தபடி சக்கேயோ. அவனுக்குப் பின்னால் யாரும் கிடையாது.

ஆனால் தகர டம்ளர் சத்தம் மட்டும் கேட்கும். நடைக்குத் தகுந்தாற்போல் இடுப்பு வாரில் மோதும் சத்தம். இதற்குமுன் இந்தக் கூடையைச் சுமந்த சிசாலா அப்படித்தான் தன் டம்ளரை வாரில் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பான். போன மழைக்கு முன், கருங்காலித் தோப்பில், கூட்டத்தை விட்டு ஒதுங்கிய கிழட்டுக் காட்டெருமை ஒன்று பின்னாலிருந்து வந்து அவனைக் கொன்றுவிட்டது.

சக்கேயோ திரும்பிப் பார்த்தான். வெறும் பாதை.

அமோஸ் கையைத் தூக்கி வரிசையை நிறுத்திவிட்டுப் பின்னால் வந்தார். விருந்தாளிகளுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "முதுகுப் பக்கம் காவலுக்குத்தான்டா உன்னைக் கடைசியில விட்டிருக்கேன். இல்லாததையே பாத்துக்கிட்டிருந்தா இருக்கறதை யாரு பாப்பா? போன வாரம் குட்டியோட நின்ன யானையை நீ பாக்கல. நான்தான் பாத்தேன். இன்னிக்கும் இப்படின்னா நாளையிலேருந்து நீ துணி துவைக்கப் போ. கூடையை வேற ஆளு தூக்கட்டும்."

"சரிண்ணே."

துணி துவைப்பதில் அவனுக்கு வருத்தமில்லை. வேறொருவன் இந்தக் கடைசி இடத்துக்கு வந்தால் சிசாலா யாரென்று அவனுக்குத் தெரியுமா? அந்தச் சத்தம் அவன் பின்னாலும் வரும். தான் அனுப்பிவைக்காத ஒருவனை அடுத்தவன் தலையில் கட்டுவது எப்படி?

சக்கேயோ ங்கோனி இனம், சிசாலா பெம்பா இனம். பாட்டன் காலத்தில் வெட்டிக்கொண்ட சனங்கள். இன்று மச்சான் முறை. பார்த்த இடத்தில் ஏசிக்கொள்ளலாம், யாரும் கோபப்படக் கூடாது. "வாடா எலிதின்னி" என்பான் சிசாலா. "பொந்து பாத்து நடடா, உன் மதியச் சாப்பாடு ஓடிறப் போகுது." "போடா குரங்குதின்னி, மரத்துல உன் சொந்தக்காரன் கூப்பிடுறான்" என்பான் இவன். சாவு வீட்டிலும் அந்த முறை உண்டு. செத்தவன் சட்டையை மாட்டிக்கொண்டு, அவன் நடையை நடந்துகாட்டி, பிணத்தை ஏசி எல்லாரையும் சிரிக்க வைப்பது மச்சான் கடமை. சிரித்த பிறகுதான் செத்தவன் கிளம்புவான்.

சிசாலாவைப் புதைத்த அன்று அவன் சட்டையைச் சக்கேயோ கையில் கொடுத்துவிட்டு ஊரே காத்திருந்தது. சக்கேயோ வாயைத் திறந்தான். அழுகைதான் வந்தது. வேறு ங்கோனி ஆள் அங்கே யாரும் இல்லை. வெறும் அழுகையோடு மண்ணைத் தள்ளினார்கள். "சிரிப்பு வாங்காமப் போனவன் பாதி வழியில நிப்பான்" என்று சிசாலாவின் மனைவி சொன்னது அவன் காதை விட்டுப் போகவில்லை.

இன்று அதே கருங்காலித் தோப்பில் சக்கேயோ கூடையை இறக்கினான். துணி விரித்து, கேக்கை நறுக்கி, தேநீர் ஊற்றினான். லண்டனிலிருந்து வந்த அம்மாள் கோப்பையை வாங்கிக்கொண்டு மரங்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

"அங்க தினமும் அதே ரயில், அதே ஆபீஸ். எப்பவும் யாரோ பின்னாலயே துரத்துற மாதிரி இருக்கும். நீங்க கொடுத்து வச்சவரு. உங்க பின்னால யாருமில்ல."

அந்தப் பேச்சு அவனுக்குச் சிரிப்பை மூட்டிவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. சிரித்தபடியே வந்த பாதையைப் பார்த்துத் திரும்பினான்.

"கேட்டியாடா குரங்குதின்னி? அம்மா உன்னை ஆளாவே மதிக்கல. ஏன்டா, கிழட்டு எருமைகூட உன்னைவிட வேகமா ஓடுச்சாமே? எங்க எலிகூட ஓடித் தப்பிச்சிருக்கும்டா." கூடையைத் தலையில் வைத்து, இடுப்பை ஒருபக்கம் வெட்டி, சிசாலாவின் வாத்து நடையை நடந்தான். "தேத்தண்ணியில பாதியைத் திருடிக் குடிச்ச வயிறு. தூக்கவே எட்டாளு வேண்டியிருந்துச்சு. போடா. உன் பெண்டாட்டியே நிம்மதியாத் தூங்குறா. போய்த் தொலைடா மச்சான்."

அமோஸ் தொப்பியைக் கழற்றினார். பிறகு அவரும் சிரித்தார். துப்பாக்கிக் காவலர் தரையில் குந்தி, தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. ஏதோ ஆட்டம் என்று நினைத்து விருந்தாளிகள் கைதட்டினார்கள்.

திரும்பும் வழியில் சக்கேயோ காதைத் தீட்டிக்கொண்டு நடந்தான். புல் உரசியது. எங்கோ புறா கத்தியது. ஆற்று வளைவுவரை பொறுத்தான். அதற்கு மேல் முடியவில்லை, திரும்பிப் பார்த்தான். வழக்கமான அதே வெறும் பாதைதான். ஆனால் இன்று அது வெறுமையாகவே இருந்தது.

முன்னாலிருந்து அமோஸ் பார்த்துவிட்டார்.

"இருக்கானா?"

"இல்லண்ணே."

"அப்ப ஒழுங்காப் பாத்து வா. இனிமே பின்னால நீ ஒருத்தன்தான்."