ஒன்பதாவது தேங்காய்

கல்யாணமாகி நான்காம் நாள் மாமியார் என்னைத் தேங்காய்ப்பால் ஊற்றி மீன்குழம்பு வைக்கச் சொன்னார். மாமி என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். அப்போது எனக்குப் பதினெட்டு வயது. கடலூர் முதுநகரில் இருந்த அந்த வீட்டில் எந்தப் பாத்திரம் எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. மீன் வெந்ததும் கடைசியாக முதல் பாலை ஊற்றி, கொதி வருவதற்குள் இறக்கிவிட வேண்டும். பாலை ஊற்றிய நேரத்தில் கூடத்திலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். போய்விட்டு வருவதற்குள் குழம்பு தளதளவென்று கொதித்துப் பால் திரிந்துபோயிருந்தது.

மாமி சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். சத்தம் போடவில்லை. ஒரு கிண்ணம் எடுத்து அதில் குழம்பை ஊற்றினார்.

"கொட்டுனா பாவம். குடி" என்றார்.

அக்கம்பக்கத்துப் பெண்கள் நான்கைந்து பேர் புதுப்பெண்ணைப் பார்க்க வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் வைத்துக் குடிக்கச் சொன்னார். குடித்தேன். மறுபடி ஊற்றினார். மூன்று கிண்ணம். நாக்கு வெந்துபோய் இரண்டு நாள் எதையும் ருசி பார்க்க முடியவில்லை. ஒரு பெண் சிரிப்பை அடக்க முந்தானையால் வாயை மூடிக்கொண்டதைப் பார்த்தேன். என் கணவரிடம் சொன்னபோது, "எங்கம்மா அப்படித்தான். போகப்போகப் பழகிடும்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பிவிட்டார்.

பழகித்தான் போனது. ஏழு வருஷம் அந்த அடுப்படியில் நின்றேன். நெய்ச்சோறு, தாளிச்சா, தேங்காய் அரைத்த குழம்பு, நோன்பு மாதத்தில் கஞ்சி, பெருநாளைக்கு முட்டையும் தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்து அவிக்கிற வட்டலப்பம் என்று எல்லாம் கைவந்தது. மாமி ஒருநாளும் நன்றாயிருக்கிறது என்று சொன்னதில்லை. குறை சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தால் நன்றாயிருக்கிறது என்று நானே எடுத்துக்கொண்டேன்.

பிறகு என் கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆயிற்று. அவர் பினாங்கில் ஒரு துணிக்கடையில் வேலையாக இருந்தார். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வந்து நான்கு மாதம் இருந்துவிட்டுப் போவார். அவருக்குச் சிதம்பரத்தில் பெண் எடுத்தார்கள். கறுப்பாக, உயரமாக, வாய் நிறையச் சிரிக்கிற பெண். வந்த அன்றே என்னை லாத்தா என்று கூப்பிட ஆரம்பித்தாள். கூடப் பிறந்த அக்காவைக் கூப்பிடுகிற வார்த்தை அது.

அவளுக்குத் தேங்காயைப் பற்றித் தெரியாதது எதுவும் இல்லை. காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்து இது துவையலுக்கு, இது பாலுக்கு, இது பர்பிக்கு என்று பிரித்து வைப்பாள். அவள் வைத்த தேங்காய்ப்பால் சோறு உதிரி உதிரியாக நிற்கும், ஆனால் வாயில் போட்டால் கரையும். வட்டலப்பத்தை அவள் வெட்டினால் கத்தியில் ஒட்டாது. நான் செய்தால் நடுவில் கொஞ்சம் குழைந்துதான் இருக்கும்.

அவள் முதன்முதலாகச் சமைத்த அன்று மாமி இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டார். அந்த ஏழு வருஷத்தில் மாமி இரண்டாம் தடவை கேட்டு நான் பார்த்ததில்லை. கை கழுவும்போது என் பக்கம் திரும்பி, "பாத்துக் கத்துக்க" என்றார்.

அடுத்த வாரத்திலிருந்து எனக்குத் தேங்காய் உடைப்பது, துருவுவது, ஆட்டுக்கல்லில் அரைத்துத் துணியில் பிழிவது, சோறு வடிப்பது என்று ஆனது. குழம்பும் இனிப்பும் அவளுக்குப் போயின. பிழிந்து பிழிந்து என் விரல் இடுக்குகள் வெடித்தன. அவள் அதைப் பார்த்துவிட்டுத் தேங்காயெண்ணெயைச் சூடாக்கி என் கையில் தடவிவிட்டாள். "நீங்க உக்காருங்க லாத்தா, நான் புழியறேன்" என்பாள். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அந்த எண்ணெய்க் கையோடு உட்கார்ந்து நான் அவளை வெறுத்தேன்.

கொழுந்தன் கப்பலேறிப் போனபோது அவள் உண்டாகியிருந்தாள். மூன்றாம் மாதம் நடந்துகொண்டிருந்த சமயத்தில் என் நாத்தனாரைப் பெண் பார்க்கப் பரங்கிப்பேட்டையிலிருந்து வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். நல்ல இடம். மாமி ஒரு வாரமாகத் தூங்கவில்லை. பகல் சாப்பாட்டுக்குத் தேங்காய்ப்பால் சோறும் கறியும், கடைசியில் வட்டலப்பமும் என்று முடிவு செய்தார். வட்டலப்பத்தைச் சின்ன மருமகள்தான் செய்ய வேண்டும் என்பதை இரண்டு தடவை சொன்னார். சோறு மட்டும் என் பொறுப்பு.

ஐப்பசி மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. காலையில் கொல்லைப்புறம் உட்கார்ந்து பன்னிரண்டு தேங்காய் உடைத்தேன். ஒன்பதாவதை உடைத்ததும் வாடை முகத்தில் அடித்தது. தண்ணீர் புளித்து நுரைத்திருந்தது. பருப்பு மஞ்சளாகி, கண் பக்கத்தில் கறுத்திருந்தது. கெட்டுப்போன தேங்காய் என்று குழந்தைகூடச் சொல்லிவிடும்.

எவ்வளவு நேரம் அதைக் கையில் வைத்திருந்தேன் என்று நினைவில்லை. அதிக நேரம் இல்லை. கறுத்த இடத்தை மட்டும் செதுக்கி எறிந்தேன். மற்றதைத் துருவினேன். சோற்றுக்கான துருவலைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, இதை வட்டலப்பத்துக்கான துருவலோடு சேர்த்து அரைத்துப் பிழிந்தேன். அந்தக் காரியத்தைப் பதற்றத்தில் செய்தேன் என்று பின்னாளில் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். பதற்றமாக இருந்தவள் இரண்டு துருவலையும் அவ்வளவு கவனமாகப் பிரித்து வைத்திருக்க மாட்டாள்.

பாலைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். முட்டை அடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து முகத்தைச் சுளித்தாள்.

"என்ன லாத்தா, ஒரு மாதிரி வாடை அடிக்குது?"

"எனக்கு ஒண்ணும் தெரியலியே."

"எனக்கு இப்ப எல்லாமே நாறுது. வெங்காயம் நாறுது, சோப்பு நாறுது. மூக்கையே நம்ப முடியல. நீங்க கொஞ்சம் மோந்து பாத்துச் சொல்லுங்களேன்."

குனிந்து மோந்து பார்த்தேன். "நல்லாத்தான் இருக்குது. மழைத்தேங்கா, அதான்" என்றேன்.

"அப்ப சரி" என்று சிரித்துவிட்டு வெல்லத்தைக் கரைத்து ஊற்றினாள். ஏலக்காயை மட்டும் கொஞ்சம் ஜாஸ்தியாகத் தட்டிப் போட்டாள்.

வேகும்போது ஏலக்காய் வாசனைதான் வந்தது. பார்க்க அழகாக வெந்திருந்தது. வெட்டித் தட்டில் அடுக்கிக் கூடத்துக்கு அனுப்பினோம். வந்தவர்கள் சோற்றைப் புகழ்ந்து சாப்பிட்டார்கள் என்று நாத்தனார் ஓடிவந்து சொன்னாள். பிறகு கூடத்தில் பேச்சு நின்றது. நான் கதவோரம் நின்று பார்த்தேன். மாப்பிள்ளையின் தாயார் வாயிலிருந்ததைக் கையில் துப்பி, கையை மூடிக்கொண்டு, பக்கத்திலிருந்த பெண்ணிடம் மெதுவாகச் சொன்னார்:

"புள்ளைங்களுக்குக் குடுக்க வேணாம்."

அவர்கள் மரியாதையான மனிதர்கள். முகம் கோணாமல் வெற்றிலை போட்டுக்கொண்டு, போய்ச் சொல்லியனுப்புகிறோம் என்று கிளம்பினார்கள். வண்டி தெருமுனை திரும்பும்வரை மாமி வாசலில் நின்றார். உள்ளே வந்து தட்டை எடுத்துக் கூடத்து நடுவில் வைத்தார். ஒரு துண்டை எடுத்துக் கடித்துப் பார்த்துத் துப்பினார். சின்ன மருமகளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"தின்னு."

"மாமி, பாலு..." என்று ஏதோ சொல்ல வந்தாள்.

"பேசாத. தின்னு. தட்டு காலியாவணும்."

என் கணவர் அங்கேதான் இருந்தார். சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். நாத்தனார் மூலையில் அழுதுகொண்டிருந்தாள். என் நாக்கு வெந்த அந்தப் பழைய நாள் எனக்கு நினைவுக்கு வந்தது. வந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொல்வதென்றால், அப்போது எனக்குள் இருந்தது பயம் மட்டும் இல்லை. நான் உட்கார்ந்த இடத்தில் இவளும் உட்கார்ந்திருக்கிறாள் என்ற நிறைவும் இருந்தது.

அவள் ஒன்று, இரண்டு என்று தின்றாள். மூன்றாவதை வாயில் வைத்தவள் மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு மறுபடி மெல்ல ஆரம்பித்தாள். தட்டு காலியாகும்வரை தலையைத் தூக்கவில்லை. கொல்லைப்புறம் போய் வாந்தியெடுத்தாள். அன்று முழுக்க எடுத்தாள். மறுநாள் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் மருத்துவச்சியைக் கூட்டிவந்தார்கள். மருத்துவச்சி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்து, கரு தங்கவில்லை என்றாள்.

அந்த வட்டலப்பத்தால்தான் கலைந்ததா என்று மருத்துவச்சியிடம் தனியாகக் கேட்டேன். "காய்ச்சலாலயும் இருக்கலாம், வாந்தியாலயும் இருக்கலாம், அல்லாவுக்குத்தான் தெரியும்" என்றாள். சிதம்பரத்திலிருந்து சின்னவளுடைய அண்ணன் வந்து அவளை அழைத்துப்போனார். போர்வையைப் போர்த்தி வண்டியில் ஏற்றும்போது அவள் கண்ணை மூடியிருந்தாள்.

எட்டாம் நாள் பரங்கிப்பேட்டையிலிருந்து ஆள் வந்தது. பெண்ணைப் பிடித்திருக்கிறதாம். நாள் பார்க்கச் சொன்னார்கள். வட்டலப்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர்கள் அதை மறந்தே போயிருந்தார்கள்.

நாத்தனார் கல்யாணம் முடிந்து சில மாதம் கழித்துப் பினாங்கிலிருந்து கொழுந்தன் எழுதினார். நான் அடுத்த வருஷம் வருகிறேன், என் பெண்டாட்டி நம் வீட்டில் இருக்க வேண்டும் என்று கண்டிப்பாக எழுதியிருந்தார். அவளை அழைத்துவரச் சொல்லி மாமி என்னையும் என் கணவரையும் அனுப்பினார். ரயிலேறிச் சிதம்பரம் போனோம். ஆண்கள் முன்கட்டில் பேசிக்கொண்டிருக்க, நான் பின்கட்டுக்குப் போனேன். அவள் அரிவாள்மணை எதிரே உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். "வாங்க லாத்தா" என்று மணை எடுத்துப் போட்டாள்.

வழி நெடுக மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்ததைச் சொன்னேன். ஒன்பதாவது தேங்காயைச் சொன்னேன். மோந்து பார்த்துப் பொய் சொன்னதைச் சொன்னேன். அவள் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"தெரியும் லாத்தா" என்றாள்.

"எப்போ?"

"தின்னும்போதே. ரெண்டுக்கும் ஒரே தேங்கா. சோறு மட்டும் நல்லா இருந்துச்சே."

"அப்புறம் ஏன் மாமிகிட்ட சொல்லல?"

கத்தரிக்காயைத் தண்ணீரில் போட்டுவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். "சொல்லியிருந்தா உங்களையும் பக்கத்துல உக்கார வெச்சுத் தின்ன வெச்சிருப்பாங்க. நீங்களும் தின்னுட்டு வாந்தி எடுத்துருப்பீங்க. அதோட உங்களுக்குத் தீந்துபோயிருக்கும்" என்றாள்.

பிறகு எழுந்து எங்களுக்குச் சோறு போட்டாள். கத்தரிக்காய் கொத்சு, தேங்காய்த் துவையல், பாயசம். எல்லாமே நன்றாக இருந்தன. மாலை ரயிலில் எங்களோடு வந்தாள்.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் ஒரே அடுப்படியில் இருந்தோம். சண்டை கிடையாது. ஒரு கடுஞ்சொல் கிடையாது. லாத்தா என்றுதான் கூப்பிட்டாள். ஆனால் தேங்காய்ப்பால் பிழிகிற ஒவ்வொரு நாளும், நான் பிழிந்து வைத்ததும், ஒரு கரண்டி மொண்டு என் வாயருகே நீட்டுவாள். "பாத்துச் சொல்லுங்க லாத்தா" என்பாள். வீட்டில் யார் இருந்தாலும் நீட்டுவாள். விருந்தாளிகள் இருந்தால் இன்னும் மரியாதையாக நீட்டுவாள். அவர்கள், பெரியவளுக்கு எவ்வளவு மதிப்பு கொடுக்கிறாள் பார் என்பார்கள். நான் குடித்துவிட்டு, நல்லாயிருக்கு என்று சொல்ல வேண்டும். சொல்லும்வரை கரண்டியை எடுக்க மாட்டாள்.

மூன்றாம் வருஷம் மாமிக்கு ஒரு பக்கம் கைகால் விழுந்தது. தேங்காய்ப்பால் விட்ட அரிசிக்கஞ்சிதான் ஆகாரம். நான்தான் ஊட்டினேன். ஒரு மத்தியானம் ஊட்டிக்கொண்டிருக்கும்போது அவரிடமும் சொல்லிவிட்டேன். யாராவது என்னைத் திட்ட வேண்டும் என்று இருந்தது.

மாமிக்கு வாய் கோணியிருந்தாலும் அவர் பேசுவது எனக்குப் புரியும்.

"அன்னிக்கே தெரியும். சாயங்காலம் கொல்லையில கறுப்புச் சில்லு கெடந்துச்சு" என்றார்.

"அப்ப என்னை ஏன் மாமி ஒண்ணும் கேக்கல?"

"சின்னவன் கப்பல்ல போயிடுவான். ஒருநா பொண்டாட்டியையும் இட்டுக்கிட்டுப் போயிடுவான். கடைசிக் காலத்துல எனக்குக் கஞ்சி ஊத்தப்போறவ நீதான். உன்னை எதுக்கு நான் பகைச்சுக்கணும்?"

சொல்லிவிட்டு வாயைத் திறந்து காத்திருந்தார். நான் அடுத்த கரண்டியை ஊட்டினேன்.

மாமி இறந்து நாற்பதாம் நாள் சாப்பாட்டுக்குப் பெரிய அண்டாவில் நானும் அவளும் தேங்காய்ப்பால் சோறு வைத்தோம். மறு மாதம் அவள் பினாங்கு புறப்படுவதாக இருந்தது. கொழுந்தன் டிக்கெட் எடுத்து அனுப்பியிருந்தார். அவள் போவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்து, மாமி என்னிடம் சொன்னதை அப்படியே அவளிடம் சொன்னேன். மாமிக்கு எல்லாம் தெரியும், தெரிந்தேதான் என்னை ஒன்றும் கேட்காமல் இருந்தார் என்றேன். பழியில் ஒரு பாதியாவது என் மேலிருந்து இறங்கும் என்று எனக்கு ஆசை இருந்தது.

அவள் கேட்டுக்கொண்டே அண்டாவின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். ஆவி முகத்தில் அடித்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அடி பிடிக்கிற மாதிரி இருக்கு. ஒரு பக்கம் புடிங்க லாத்தா, எறக்கிடலாம்" என்றாள்.

இரண்டு பேரும் பழந்துணியால் அண்டாவின் காதுகளைப் பிடித்து இறக்கினோம்.