ஒரு முழம் குட்டையான புகைக்குழாய்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆண்டிறுதி மழை தொடங்கியிருந்த சமயம். அப்போது நாங்கள் சிங்கப்பூரை ஒட்டிய ஜொகூரில், உலு திராமில் குடியிருந்தோம். எங்களிடம் பழைய வேன் ஒன்று இருந்தது. பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு ஒரு படுக்கை, சின்ன அடுப்பு, கைகழுவும் தொட்டி எல்லாம் என் கணவரே பொருத்தியிருந்தார். விடுமுறை கிடைத்தால் அதில் கிளம்பிவிடுவோம்.

அந்த வாரம் வேனின் புகைக்குழாய் துருப்பிடித்து உடைந்துவிட்டது. சனிக்கிழமை சிகாமட்டில் என் தங்கை வீட்டுக்குப் போய், அங்கிருந்து எல்லாரும் கூடாரம் போட்டுத் தங்கப் போவதாக ஏற்பாடு. கணவருக்கு சிங்கப்பூரில் இரவு வேலை. அதனால் குழாய் மாற்றும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

இந்த மாடலுக்கு ஒரிஜினல் குழாய் வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள் பட்டறையில். எனக்குப் பொறுமை இல்லை. உடைந்த குழாயைத் தூக்கிக்கொண்டு பழைய உதிரிபாகக் கடைக்குப் போனேன். கடைக்காரர் நாலைந்து குழாய்களை எடுத்து அளந்து பார்த்தார். வாய் பொருந்தியது ஒன்றுதான். அதுவும் ஒரு முழம் குட்டை. வேனின் பின்பக்கம்வரை வராமல் அடியிலேயே முடிந்துவிடும். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

“சாமான் ஏத்துற வேனா, ஆள் படுக்கிற வேனாம்மா?”

“சாமான் வேன்தாண்ணே” என்றேன்.

உண்மையைச் சொன்னால் தரமாட்டார் என்று தெரிந்தது. ஏன் தரமாட்டார் என்று மட்டும் நான் யோசிக்கவில்லை. மாட்டிக்கொடுத்த பட்டறைக்காரரும் குட்டையாக இருக்கிறதே என்றார். ஒரிஜினல் வந்ததும் மாற்றிவிடுகிறேன் என்று சமாளித்தேன். கணவரிடம், “மாத்தியாச்சு” என்பதோடு முடித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை வேலை முடிந்து வந்தவர் நேராகப் பின்னால் போய்ப் படுத்துவிட்டார். நான் ஓட்டினேன். யோங் பெங் தாண்டியதும் மழை கொட்டியது. பின்பக்கச் சன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன. முன்கண்ணாடியில் ஆவி படிந்ததால் என் பக்கச் சன்னலை மட்டும் இரண்டு விரல் அளவு திறந்து வைத்திருந்தேன். சாலையில் தண்ணீர் நின்றதால் வண்டிகள் ஊர்ந்தன. எனக்குத் தலை வலித்தது. அவரை இரண்டு முறை கூப்பிட்டேன். பதில் இல்லை. களைப்பு, தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

லாபிஸ் பக்கம் ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமலே பக்கக் கதவைத் திறந்தேன். தலையணை ஓரம் வாந்தி எடுத்திருந்தார். உலுக்கியதும் கண்ணைத் திறந்தார், ஆனால் நாக்கு குழறியது. எழுப்பி உட்காரவைத்தால் சரிந்தார். பக்கவாதம் என்றே நினைத்தேன். ஆம்புலன்ஸைக் கூப்பிட எடுத்த கைப்பேசி தரையில் விழுந்தது.

பக்கத்தில் தொழிற்சாலை பஸ் ஒன்று டீசல் போட்டுக்கொண்டிருந்தது. அதை ஓட்டி வந்த ஐம்பது வயது அம்மா என்னைப் பார்த்துவிட்டு வேகமாக வந்தார்.

“தங்கச்சி, உனக்கும் தலை வலிக்குதா?”

“ஆமாக்கா.”

அவர் உடனே உள்ளே கைவிட்டு எஞ்சினை அணைத்தார். “முதல்ல இவர வெளிய இழு” என்றார். இரண்டு பேருமாகத் தூக்கிவந்து காற்றோட்டமான இடத்தில் கிடத்தினோம். பிறகு அவர் குனிந்து வேனுக்கு அடியில் பார்த்தார். குழாய் முடிந்த இடத்துக்கு நேர் மேலே, தொட்டித் தண்ணீர் வெளியேறப் போட்ட ஓட்டை இருந்தது.

“பொகை பூரா உள்ள ஏறியிருக்கு. யாரு இத மாட்டுனது?”

“நான்தான்” என்றேன்.

அவர் திட்டவில்லை. ஆம்புலன்ஸ் இந்த மழையில் வர நேரமாகும், பஸ் காலியாகத்தான் இருக்கிறது என்று சொல்லி எங்களை ஏற்றிக்கொண்டார். எல்லாச் சன்னலையும் திறந்துவிட்டார். சாரல் எங்கள்மேல் அடித்தது. “பேசிக்கிட்டே இரு, தூங்க விடாதே” என்று முன்னாலிருந்து சொல்லிக்கொண்டே ஓட்டினார். நான் கணவரிடம் என்னென்னவோ கேட்டேன். எங்கே இருக்கிறோம் என்று கேட்டதற்கு, பத்து வருடத்துக்கு முன்பு நாங்கள் காலி செய்த வீட்டைச் சொன்னார். அதன்பிறகு எதையும் கேட்கவே பயமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

சிகாமட் மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்தார்கள். எவ்வளவு நேரம் வண்டிக்குள் படுத்திருந்தார் என்று டாக்டர் கேட்டார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டார்.

மாலையில்தான் கணவர் என்னைத் தெளிவாகப் பார்த்து, “வேன் எங்க?” என்று கேட்டார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், கடைக்காரரிடம் சொன்ன பொய்யையும் சேர்த்து.

“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல” என்றார்.

அந்த அக்கா அதுவரை வெளியே பெஞ்சில்தான் இருந்தார். வேலைக்குத் தாமதமாக வருவதாகத் தொழிற்சாலைக்குச் சொல்லிவிட்டு எங்களுக்காகக் காத்திருந்தார். இரண்டு வாரம் கழித்து அவரே போன் செய்து, குழாயை மாற்றியாகிவிட்டதா என்று விசாரித்தார். மாற்றியிருந்தோம். முழு நீளக் குழாய், இணைப்புகளில் புகை கசியாமலிருக்கப் புது கேஸ்கெட், தரை ஓட்டைக்கு நல்ல அடைப்பு.

என் காரியம் நடந்தால் போதும் என்று ஒரு சின்னப் பொய் நாக்கு நுனிவரை வரும்போதெல்லாம், மழைச் சாரல் அடித்த அந்தப் பஸ்ஸில் என் மடியில் கிடந்த கணவர் தலையின் கனம் இன்றும் என்னை நிறுத்திவிடுகிறது.