காஜா மொய்தீன் உட்கார்ந்த சவாரி

செங்கல்பட்டு ரயிலடியில் காஜா மொய்தீன் நின்றுகொண்டே ஜட்கா ஓட்டுகிறார். ஒரு கால் படியில், ஒரு கால் வண்டிப் பலகையில். "முன்னால வா சாமி, பின்பாரம் அடிக்குது" என்று சவாரிகளைத் தன் இடத்துக்கே நகர்த்துகிறார். சித்திரை பிறந்தால் அவருக்கு உட்காரும் இடத்தில் கட்டி வந்துவிடும்.

"இன்னா பாய், சர்க்கஸ்ல சேந்துட்டியா?" என்பார் பக்கத்து வண்டிக்கார முனிசாமி.

"குந்தச் சொல்லாத, உசுரு போவுது."

கட்டி வராமலிருக்க வேப்பங்கொழுந்து அரைத்து வெறும் வயிற்றில் விழுங்குவார். மாலையில் கசப்புப் போக மாம்பழம் தின்பார். வந்துவிட்டாலோ எந்த மருந்துக்கும் அவகாசம் தரமாட்டார். மனைவி சைதூன் வெற்றிலையில் விளக்கெண்ணெய் தடவி, அனலில் வாட்டிக் கொடுப்பாள். ஒரு சவாரி முடிவதற்குள் அதை எடுத்து எறிந்துவிடுவார். கடப்பாக்கத்து மீன்காரி செங்கம்மாள், "வெங்காயத்தச் சுட்டு வெச்சுக் கட்டு அண்ணாத்த, தானா ஒடையும்" என்றால் வெங்காயம். வேறு யாராவது சுண்ணாம்பும் சவுக்காரமும் குழைத்துப் போடச் சொன்னால் அது. மறுபடி வெங்காயம்.

இந்த 1954 சித்திரையில் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. மகள் பதருன்னிசாவைப் பார்க்க மதுராந்தகத்திலிருந்து மாப்பிள்ளையின் பெற்றோர் வர இருந்தார்கள். அடிக்கடி கட்டி வருகிற குடும்பத்தில் ரத்தம் சுத்தமில்லை என்று பெண் எடுக்கத் தயங்குவார்கள்.

"எனக்கு வந்தா எம்பொண்ணுக்கும் வரும்பாங்க. அத்தோட போச்சு" என்றார், அதே தெருவில் குடியிருக்கும் என்னிடம்.

அவர்கள் ரயிலிலிருந்து இறங்கிய காலையில், காஜா மொய்தீன் வண்டியில் உட்கார்ந்தார். நானும் ஏறிக்கொண்டேன்.

மாப்பிள்ளையின் தாயார் மூக்கைச் சுளித்தார். "இன்னாண்ணே, சுட்ட வெங்காய வாடை வருது?"

"குதிரைக்குக் கட்டிம்மா. வெச்சுக் கட்டிகீது."

"குதிரைக்குக்கூட வருமா?" என்றார் தகப்பனார்.

"வெயிலு யார வுடுது பாய்?"

எங்கள் தெருமுனைப் பள்ளத்தில் சக்கரம் தடாலென்று இறங்கி ஏறியது. காஜா மொய்தீனின் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பிறகு நெற்றிச் சுருக்கம் கலைந்தது, தோள்கள் தளர்ந்தன. ஒரு வாரமாகக் குதிரையை விரட்டிக்கொண்டிருந்தவர் அதன் போக்கில் நடக்க விட்டார். கட்டி உடைந்துவிட்டது.

வீட்டு வாசலில் நாங்கள் இறங்கினோம். சைதூன் முக்காட்டைச் சரிசெய்தபடி வந்து வரவேற்றாள். காஜா மொய்தீன் மட்டும் இறங்கவில்லை.

"நீங்களும் வாங்க பாய்" என்றார் மாப்பிள்ளையின் தகப்பனார்.

"உள்ள போங்க. குதிரைக்குத் தண்ணி காட்டிட்டு வந்துடறேன்."

"இருக்கட்டும், சேர்ந்தே போவலாம்."

விருந்தாளி வாசலிலேயே நின்றார். காஜா மொய்தீன் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, எழுந்திருக்காமல், புல் கட்டின் மேலிருந்த சாக்கை உருவி இடுப்பைச் சுற்றிக் கட்டத் தொடங்கினார்.